செலவழுங்கிய சிறுமி

சங்கத்து அகப்பாட்டுக்களைப் பயின்றோர் ‘செலவழுங்கல்’ என்னும் துறையை அறிவர். பொருள் தேடிவரும் பொருட்டுப் பாலைவழியே புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் கலங்கிய முகத்தைக் கண்டு, முன்வைத்த காலைப் பின்வாங்கி நின்றுவிடுதலே அத்துறையாகும். பாலைக்கலியிலே இப்பொருள் பலபடப் பாடப்பட்டுள்ளது. பழந்தமிழில் ‘செலவு’ என்றால் செல்லுதல், வழிப்பயணம். இன்று நாம் அச்சொல்லைக் கையிலிருந்து காசு போதற்கே பெரிதும் வழங்குகின்றோம். ஒரு சொல் எவ்வாறு தன் பொருளை மாற்றிக்கொள்கிறது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறி, வகுப்பிலே நான் விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், மூன்றாம் வரிசையில் ஓர் இருக்கை வெறுமையாயிருந்தது. அவ்விருக்கைக்குரிய மாணவியிடமிருந்தே, அவ்விரு பொருளும் உண்மையில் ஒன்றுதான் என்பதைப் பின்னர் நான் கற்றுக்கொண்டேன்.

மாத்தளை மாவட்டத்திலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியருள் நானும் ஒருவன். பணிபுரியும் பாடசாலையின் பெயர் ஈண்டு வேண்டா. இங்குக் கூறப்போவது ஒரு பாடசாலையின் குற்றமன்று. மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றுக்கும் பொதுவான கதை.

அந்த மாணவி இறத்தோட்டைப் பக்கத்து மலையொன்றிலிருந்து வருபவள். லயத்திலிருந்து இரண்டு மைல் நடந்து இறங்கிப் பஸ் ஏற வேண்டும். செய்யுளைச் சீர்பிரித்து ஓதும் ஆற்றல் அவளுக்கு இயல்பாக வாய்த்திருந்தது. தமிழ்மொழித் தினப் போட்டியிலே பாவோதலுக்கு அவளையே தெரிந்து, மூன்று வாரம் பயிற்றியிருந்தேன். போட்டிக்கு முன்னாள், தொண்டை கட்டிவிட்டது என்று ஒரு துண்டுக் கடிதத்தைத் தோழியிடம் கொடுத்தனுப்பிவிட்டு நின்றுவிட்டாள். வேறொரு பிள்ளையை அழைத்துச் சென்றோம். எனக்குச் சினமும் உண்டாயிற்று என்பதை மறைக்கவில்லை.

சில நாள்களின்பின் வரவுப் பதிவேட்டை எடுத்து அவள் வராத நாள்களை எண்ணிப் பார்த்தேன். தவணைப் பரீட்சைத் தாளுக்குப் பணம் கொண்டுவரச் சொன்ன நாளில் அவள் இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு நிறச்சட்டை அணிந்து வர வேண்டிய நாளில் இல்லை. ஆசிரியர் தின விழாவுக்கு வகுப்புப் பணம் திரட்டிய நாளில் இல்லை. பிறிதொரு நாள் எனக்கு விளங்கவில்லை. அன்று எவரும் பணம் கேட்கவில்லையே என்று மீண்டும் பார்த்தபோது, எனது கையெழுத்தே விடையாய் நின்றது. தமிழ்ப் புலவர்களின் உருவப்படங்களை வண்ணத்திலே அச்சிட்டு, அட்டையில் ஒட்டித் தொகுப்பேடு ஒன்று செய்துவருமாறு நான் இட்ட ஒப்படையை ஒப்புவிக்கும் நாள் அது. போட்டிக்கு உடையும் வாகனக் கூலியும் பிள்ளைகளே கொண்டுவர வேண்டும் என்று சொன்னவனும் நானே.

அவள் நோயாளியுமல்லள், சோம்பேறியுமல்லள். பாடசாலை கைநீட்டிய நாள்களில் மட்டும் அவளுக்குத் தொண்டை கட்டிற்று.

பேர்க்கணக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இல்லம் சென்றேன். காம்பராவின் முன்னே பலகை ஒன்றை எடுத்துப் போட்டு, “வாங்க சேர், ஒக்காருங்க” என்றார் தாயார். பிள்ளை அடிக்கடி வராதிருக்கிறாளே, உடம்புக்குச் சுகமில்லையா அம்மா, என்று கேட்டேன். தாய் மகளைப் பார்த்தார்; மகள் நிலத்தைப் பார்த்தாள்.

“சொகத்துக்கு ஒரு கொறையும் இல்லீங்க சேர். பள்ளிக்கொடமும் காசு கேக்கல, எல்லாம் இலவசந்தான். ஆனா அங்க போய் வர்றதுக்குக் காசு கேக்குது. போன பொறகு அதுக்கு இதுக்குன்னு கேக்குது. கொண்டு போகாத அன்னிக்குப் போக மாட்டேங்குது இந்தப் புள்ள.”

தோட்டத்திலே ஒருநாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்கத் தவறினால் ‘அரைப்பேர்’ விழும். பேர்களைக் கூட்டியே மாதச் சம்பளம். அந்தத் தாயார் தம் செலவு எதனையும் ரூபாவில் எண்ணவில்லை, பேரிலேயே எண்ணினார். ஒரு சோடிச் சப்பாத்து இரண்டு பேர். தவணைத் தொடக்கத்தில் இருவருக்கும் கொப்பி வாங்க நாலைந்து பேர். சீருடைத் துணி அரசு தருகிறது. தையற்கூலி ஒரு பேர். மழைநாளில் பஸ் வராவிட்டால் முச்சக்கரவண்டிக்குப் பாதிப் பேர். நகரத்துப் பிரத்தியேக வகுப்புக்குக் கணிதம் ஒன்றுக்கு மட்டும் மாதம் இத்தனை பேர் என்று விரலை மடக்கியவர், மடக்கிய விரலைத் தாமே விரித்துவிட்டார். “அது நமக்கு ஆகாதுங்க சேர்.”

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 ஆம் ஆண்டில் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. நகரத்து அலுவலகர் ஒருவர் 500 ரூபாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார். மலையிலே அது, அந்த 1,350 ரூபாக் கணக்கில், மூன்றிலொரு பங்குப் பேருக்கு மேலாயிருந்தது. கூடையைத் தலையில் மாட்டி, அட்டைக்கடியைப் பொறுத்து, முற்பகலின் பெரும்பகுதியும் நின்று பறித்த கொழுந்தின் விலை. வகுப்பிலே எல்லாரிடமும் ஒரே தொகையைக் கேட்டு, சமமாகத்தானே கேட்டோம் என்று நாம் மனநிறைவு கொள்கிறோம். தொகை சமம், அதனை ஈட்டும் நேரம் சமமன்று. பேரால் அளந்து பார்த்தாலன்றி அவ்வேற்றுமை புலப்படாது.

விடைபெறும்போது தாயார் மற்றொன்றும் கூறினார். மகனுக்கு எட்டாந்தரம். இருவரையும் ஒன்றாக இழுத்துச்செல்லத் தம்மால் இயலவில்லை. மகள் சாதாரணதரப் பரீட்சையை எழுதிவிட்டால் கொழும்பில் ஓரிடத்தில் வேலை உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அவரும் நிலத்தைப் பார்த்தார்.

புறநானூற்றின் 183 ஆம் பாட்டை இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பாடியது. ஆசிரியர்க்கு இடுக்கண் வந்தவிடத்து உதவியும், மிக்க பொருளை ஈந்தும், வழிபாட்டில் சலியாதும் கற்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்து. கல்விக்குச் செலவுண்டு என்பதை அவ்வரசன் மறைக்கவில்லை. ஒரு வயிற்றிற் பிறந்தோருள்ளும் கற்ற பிள்ளையின்பாலே தாயின் மனம் சாயும் என்றும் அப்பாட்டுக் கூறும். இதனைக் கல்விச் சிறப்பென்றே மாணவர்க்கு உரைத்து வந்தேன். அன்று மலையிறங்கி வரும்போது வேறொன்று தோன்றிற்று. பாட்டில் வரும் தாய், பிள்ளைகள் கற்று முடித்தபின் ஒருவர்பாற் சாய்கிறாள். இங்கே தாய், கற்கத் தொடங்கும் முன்னரே ஒருவர்பாற் சாயுமாறு நெருக்கப்படுகிறாள். எந்தப் பிள்ளை கற்பது என்பதை அறிவு தீர்மானிக்கவில்லை, பேர்க்கணக்குத் தீர்மானிக்கிறது.

இலவசத்தின் வரலாறு

நம் நாட்டின் இலவசக் கல்வியை இகழ்ந்து பேசுவது என் கருத்தன்று. அஃது இல்லையாயின் இக்கட்டுரையை எழுதும் நானும் ஆசிரியனாகியிரேன். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான சிறப்புக் குழு 1943 ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடங்கிப் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆசியாவின் பல நாடுகள் அன்று கனவிலும் எண்ணாத செயல் அது. பின்னர் 1980 இல் இலவசப் பாடநூல்களும், 1993 இல் இலவசச் சீருடைத் துணியும் வந்தன. ஐந்தாந்தரப் புலமைப்பரிசில், மாணவர்க்குரிய சலுகைப் பருவச்சீட்டு, தெரிந்தெடுத்த பாடசாலைகளுக்குச் சப்பாத்துப் பற்றுச்சீட்டு என்பனவும் உள்ளன. 2025 ஆம் ஆண்டிலே அஸ்வெசும உதவி பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எழுதுகருவிகள் வாங்க 6,000 ரூபா கொடுக்கப்பட்டது. இவையனைத்தும் நன்றியுடன் நினைக்கத்தக்கன.

ஆயினும், 1945 இல் ஏற்றிய விளக்கின் ஒளி எல்லா வாயிலையும் ஒரே காலத்தில் அடையவில்லை. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் வைத்தது. அதன்படி எழுந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் கொட்டகைகளே. நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்தபின்பும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தின் கையிலேயே இருந்தன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது; வாக்கில்லாதவர்க்காக வாதாடுவோரும் அருகினர். காணிச் சீர்திருத்தத்தின்பின் 1970 களின் நடுப்பகுதியில் தொடங்கியே அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980 களில் சுவீடன் நாட்டு உதவியுடன் பல இடங்களிற் கட்டடங்கள் எழுந்தன. ஏனையோர் மூன்று தலைமுறையாக நடந்து பழகிய வழியில், மலையகப் பிள்ளைகள் இப்போதுதான் இரண்டாம் தலைமுறையாகக் கால்வைக்கின்றனர்.

மாத்தளையாருக்கு வழியின் துயரம் புதிதன்று. மன்னார்க் கரையில் இறங்கி, அநுராதபுரக் காடும் தம்புள்ளையும் கடந்து, கண்டிச்சீமைக்குக் கால்நடையாய் வந்த முன்னோர் மலைநாட்டில் முதன்முதல் இளைப்பாறிய வாயில் மாத்தளை. வழியிலே வாந்திபேதியால் மாண்டோர் பலர். இன்று மாசிமகத்திலே பஞ்சரதம் பவனிவரும் முத்துமாரியம்மன் கோயில், அவ்வழிப்போக்கர் தாம் பிழைத்துவந்ததற்கு அன்னைக்குச் செலுத்திய நன்றியின் வளர்ச்சி என்றே நம் பெரியோர் கூறுவர். அவர்கள் பிழைப்புக்காக நடந்தனர். அவர் வழிவந்தோர் படிப்புக்காக நடக்கின்றனர்.

மறைந்து நிற்கும் ஐந்து

கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்றாகாது. நான் கண்ட அளவில் இடைநிலைக் கல்வியின் மறைந்த செலவு ஐவகைப்படும்.

முதலாவது, வழி. தோட்டத்துப் பாடசாலைகள் பல ஐந்தாந்தரத்துடன் முடிகின்றன. எல்கடுவ, கம்மடுவ முதலிய மேன்மலைகளிலுள்ள பிள்ளை ஆறாந்தரத்துக்கு மலையிறங்க வேண்டும். உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ பயில விரும்பினால் மாத்தளை நகரத்துக்கோ கண்டிக்கோ போதல் வேண்டும். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் ஓடும் வீதியிலேதான் பருவச்சீட்டுப் பயன்படும். அந்தப் பஸ் வராத வழியில் உள்ளவனுக்குச் சலுகையும் இல்லை. தொலைவில் வாழ்பவன் மிகுதியாகக் கொடுக்கிறான், அவனே வறியவனுமாயிருக்கிறான்.

இரண்டாவது, கைப்பொருள். பாடநூல் இலவசம், கொப்பி இலவசமன்று. துணி இலவசம், தையல் இலவசமன்று. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே காகிதம் கிடைக்காமல் மேல் மாகாணத்திற் பரீட்சைகளே பின்போடப்பட்டதை நாம் மறக்கவில்லை. அன்று ஏறிய கொப்பியின் விலை, நெருக்கடி தணிந்த பின்பும் பழைய நிலைக்கு இறங்கவில்லை.

மூன்றாவது, திரட்டல். பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம், பரீட்சைத் தாள், போட்டோப் பிரதி, விளையாட்டுப் போட்டி, விழா, வகுப்பறைக்குத் திரைச்சீலை, பிரியாவிடை என இது பல பெயரில் வரும். பணம் கட்டாயமாக அறவிடலாகாது என்று சுற்றறிக்கைகள் உண்டு. ஆயின், கொடாதவரின் பெயரை வகுப்பிலே உரக்க வாசிப்பதைவிட வன்மையான கட்டாயம் வேறுண்டோ?

நான்காவது, பிரத்தியேக வகுப்பு. 1995/96 ஆம், 2006/07 ஆம் ஆண்டுகளின் வீட்டு வருமானச் செலவுக் கணக்கெடுப்புக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், முன்னதில் ஆடம்பரப் பொருளின் இயல்புடையதாயிருந்த தனியார் போதனை, பின்னதில் அத்தியாவசியப் பொருளாகிவிட்டது என்று கண்டனர். பத்தே ஆண்டிலே நிகழ்ந்த மாற்றம் இது. பாடத்திட்டம் பாடசாலையில் முடிவதில்லை, வகுப்பிலேதான் முடியும் என்னும் எண்ணம் பரவிவிட்டால், போகாதவன் கற்காதவனாகிறான். மலைப்பகுதியிலோ கணிதம், விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியரே அரியர். இலவசமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காதவிடத்து, விலைக்கு வாங்குபவன் முன்னேறுகிறான்.

ஐந்தாவது, எவர் கணக்கிலும் ஏறாதது: பிள்ளை ஈட்டாமல் விடும் கூலி. மாத்தளை மிளகுக்குப் பேர்பெற்ற மாவட்டம். மிளகு பறிக்கும் பருவத்தில் கீழ்க்கிராமத்துத் தோட்டங்களிலே ஆள் தேடுவர். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருநாள் பறித்தால் கூலி உண்டு; ஒருநாள் படித்தால் செலவு உண்டு. அப்பருவத்தில் வகுப்பறையில் வெற்றிடங்கள் தோன்றுவதைக் கண்டு, பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை என்று நாம் எழுதிவிடுகிறோம். 5 வயது முதல் 14 வரை இருந்த கட்டாயக் கல்வி வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பச் சொல்கிறது. அனுப்பும் செலவைப் பற்றி அது வாய்திறக்கவில்லை.

கேட்பவர் பக்கம்

பாடசாலை அதிபர்கள் பேராசையாற் பணம் திரட்டுகிறார்கள் என்று எண்ணுதல் பெரும்பிழை. அச்சடிக்கும் மைக்கும், மின்கட்டணத்துக்கும், உடைந்த தளபாடத்துக்கும் போதிய பணம் மேலிடத்திலிருந்து வராதபோது அதிபர் யாரிடம் போவார்? 2015 இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரிற் கூடிய உலகக் கல்வி மன்றம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு நாடுகளைக் கேட்டது. நம் நாட்டு ஒதுக்கீடு அண்மை ஆண்டுகளில் 2 சதவீதத்தையும் எட்டாமலே நின்றிருக்கிறது. அரசு கொடாத பங்கைப் பாடசாலை கேட்கிறது. பாடசாலை கேட்பதைத் தாய் கொடுக்கிறாள்.

இதிலும் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. பெருநகரத்துப் பழம்பெருங் கல்லூரிக்குப் பழைய மாணவர் உலகெங்கும் இருக்கின்றனர்; மண்டபம் வேண்டுமென்றால் மண்டபம் எழும். மலைப்பாடசாலையின் பழைய மாணவர் மலையிலே கொழுந்து பறிக்கின்றனர். அல்லது கொழும்பிலே கடைப்பையன்களாய் இருக்கின்றனர். அவர்களிடம் எதைத் திரட்டுவது? ஆகவே வறிய பாடசாலை வறிய பெற்றோரிடமே திரும்பத் திரும்பக் கேட்க நேர்கிறது.

பல்கலைக்கழக அனுமதியிலும் மாத்தளையின் மலைப்பிள்ளைக்கு ஒரு தனி இடர் உண்டு. அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியன அப்பட்டியலில் உள்ளன, மாத்தளை இல்லை. நகரத்துப் பாடசாலைகளின் பெறுபேறு மாவட்டத்தின் பெயரை உயர்த்திவிட, நக்கிள்ஸ் மலைச்சாரலின் பிள்ளை அந்த உயர்வின் நிழலிலே மறைந்துவிடுகிறது. மாவட்டம் பின்தங்கியதன்று என்பதனால் மலையும் பின்தங்கியதன்று என்று ஆகிவிடுமா?

பிறர் செய்தவை

இச்செலவை ‘மறைந்தது’ என்றேன். அறியப்படாதது என்று கூறவில்லை. இலங்கை 1980 இல் இணைந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையை விளக்கும் குழு, 1999 இல் வெளியிட்ட பொதுக் கருத்துரையிலே, விருப்பக் கொடை என்னும் பெயரிற் பெற்றோர்மேல் விழும் அறவீடுகளையும், விலைமிக்க சீருடையையும் மறைமுகச் செலவுகளாகச் சுட்டியுள்ளது. இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமோ ஒருபடி மேலே சென்றது. கட்டணம் மட்டுமன்றி, பிள்ளை தொடக்கக் கல்வியை முடிப்பதைத் தடுக்கக்கூடிய எந்தச் செலவும் அதன்மேல் விழலாகாது என்பது அதன் கருத்து. ‘இலவசம்’ என்னும் சொல்லுக்கு நான் கண்ட உரைகளுள் இதுவே சிறந்தது. ஆயினும் அது பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. இடைநிலைக் கல்விக்கு எட்டவில்லை.

தமிழ்நாட்டிலே காமராசர் 1956 இல் மதிய உணவைப் பள்ளியிற் பரப்பியபோது, பிள்ளையின் பசியும் கல்விச் செலவே என்பதை ஏற்றுக்கொண்டார். பின்வந்தோர் பஸ் சலுகையும், மாணவியர்க்கு மிதிவண்டியும் வழங்கினர். 2022 இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. வங்காளதேசம் 1994 இலேயே, கிராமப்புறத்து இடைநிலைப் பள்ளி மாணவியர்க்கு நாடளாவிய உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. ஒழுங்காக வருதலும், தேர்ச்சியும், மணமாகாதிருத்தலும் அதற்கு நிபந்தனைகள். செல்வமிக்க ஸ்கொட்லாந்திலும் இதே குறை இருந்தது. 2014 இல் கிளாஸ்கோ நகரிலே ‘பாடசாலை நாளின் விலை’ என்றொரு முயற்சியைத் தொடங்கி, ஒரு பிள்ளை காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்பும் வரை எங்கெங்கே காசு கேட்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டறிந்தனர். அதற்குப் பெரும்பணம் தேவைப்படவில்லை. கேட்கும் செவியே தேவைப்பட்டது.

ஆசிரியர் கையில் உள்ளவை

அரசு செய்ய வேண்டியன பல. மலைவழிகளுக்குப் பாடசாலை நேரத்தில் பஸ், போதிய நிதி, கணித விஞ்ஞான ஆசிரியர், மாவட்டத்துக்குள்ளேயே உள்ள பின்தங்கிய பகுதிகளை அறியும் ஏற்பாடு என்பன அவற்றுள் முதன்மையானவை. அவற்றுக்காகக் குரல் கொடுப்போம். ஆனால் அவை வரும்வரை நாம் சும்மாவிருக்க வேண்டுவதில்லை.

எங்கள் பாடசாலையில் நாங்கள் சில ஆசிரியர் கூடிப் பேசிச் சிறு மாற்றங்கள் செய்தோம். ஆண்டுத் தொடக்கத்திலேயே அவ்வாண்டில் எவ்வெப்போது என்ன கேட்கப்படும் என்பதை ஒரே தாளில் எழுதிப் பெற்றோர்க்குக் கொடுத்தோம். திடீரென வரும் நூறு ரூபா, முன்னறிந்த முந்நூறு ரூபாவினும் கொடியது. கொடாதவர் பெயரை வகுப்பில் வாசிப்பதை நிறுத்தினோம். விழாவுக்கு வேண்டிய உடைகளைப் பாடசாலையிலேயே ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தோம். வகுப்புயர்ந்த பிள்ளைகளின் பயன்படாத கொப்பித் தாள்களைப் பிரித்துத் தைத்துக் கரும்பலகைக் கணக்குக்குக் கொடுத்தோம். ஒப்படை என்றால் வீட்டிலுள்ள பொருளாலோ வாய்மொழியாலோ செய்யத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்று தீர்மானித்தோம்.

புலவர் படத்தொகுப்புக்குப் பதிலாக இப்போது நான் கேட்பது வேறு. பாட்டியிடமோ தாயிடமோ ஒரு தாலாட்டு, ஒரு விடுகதை, ஒரு தோட்டத்துச் சொல் கேட்டு எழுதி வருக என்கிறேன். வண்ண அச்சுக்குக் காசு வேண்டும்; பாட்டியிடம் கேட்கக் காசு வேண்டா. இத்தனை ஆண்டு நான் கண்டிராத சொற்கள் அவ்வேடுகளில் வருகின்றன. ‘பேர்’ என்பதன் வழக்கை நானே முன்னர் அறிந்தவாறு எழுதினால் பிழையாகியிருக்கும். திருத்தியவர்கள் என் மாணவர்களே.

நம் வீடுகளில் முன்னாளிலே பிடியரிசி என்றொரு வழக்கம் இருந்தது. உலையிலிடும் முன் ஒரு பிடியை அறத்துக்கென வேறு பானையிற் போடுவர். கொடுப்பவர்க்குப் பசி மிகாது. பெறுபவர்க்குப் பசி தீரும். பாடசாலைக்கு வேண்டிய பணம் அவ்வாறு, இயன்றவரிடம் இயன்ற அளவாய், எவர் எவ்வளவு கொடுத்தார் என்பது பிறர்க்குத் தெரியாதவாறு சேர்ந்தால், வறுமையை வகுப்பறையில் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. இந்தியத் தூதரகத்தின் வழியாக 1940 களிலிருந்து தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்கிவரும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் போன்றவற்றைப் பற்றி உரிய பிள்ளைக்கு உரிய காலத்தில் அறிவித்து, விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் ஆசிரியன் கடமையே. அறியாமல் இழந்த உதவிகள் எத்தனையோ.

பிச்சை எடுத்தாயினும் கற்பது நன்றென்னும் கருத்தை வெற்றிவேற்கையிலே அதிவீரராம பாண்டியர் பாடினார். நாமும் அதனைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கிறோம். இரப்பவன் கற்பவனாயிருந்தால் அது அவன் பெருமை. ஆனால் இன்று இரப்பவள் தாய்: கடைக்காரனிடம் கடன், அயலாளிடம் கைமாற்று, அடகுக்கடையில் தோடு. அவ்விரத்தலைச் செய்விப்பவர் நாமாக இருத்தல் தகுமா என்பதே என் கேள்வி.

அம்மாணவி அடுத்த திங்கட்கிழமையே வந்தாள். அதன்பின் வராத நாள்கள் குறைந்தன; இல்லாமற் போகவில்லை. இவ்வாண்டு அவள் சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். விஞ்ஞானம் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். அதற்கு நகரத்திலே தங்க வேண்டும். தங்குதற்கு எத்தனை பேர் ஆகும் என்று தாயார் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். கொழும்பிலிருந்து வந்த வேலைச் செய்தியும் அப்படியே இருக்கிறது. முடிவு எவ்வாறாகும் என்று என்னாற் சொல்ல இயலாது.

தொல்காப்பியர் கற்பியலிலே, தலைவன் செலவழுங்குவது போகாமலே விட்டுவிடுதற்கன்று, கலங்கியவளைத் தேற்றிவிட்டுப் பின்னர்ப் போவதற்கே என்னும் பொருள்படக் கூறினார். அவனுடைய பயணம் தடைப்படவில்லை. சற்றுத் தாழ்ந்தது, அவ்வளவே. மலைவழியிலே கால் பின்வாங்கி நிற்கும் நம் பிள்ளைகளின் செலவழுங்கலும் அத்தகையதாக வேண்டும். அவர்களைத் தேற்றி வழிவிடும் கடமையில் ஒரு பங்கு, மறுநாட் காலை வகுப்பறையிலே, என்ன கொண்டுவர வேண்டும் என்று கரும்பலகையில் எழுதப்போகும் நம் கையிலே இருக்கிறது.